ஓய்வு நாளும் ஓயாத கைகளும்

உழைப்பைப் பாடாத இலக்கியம் முற்போக்கு இலக்கியமாகாது என்பது நமது வட்டாரத்தில் ஏறத்தாழ ஒரு சூத்திரமாகிவிட்டது. வயலில் குனிந்து நிற்பவன், தறியில் அமர்ந்திருப்பவன், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன், தேயிலை மலையில் கொழுந்து கிள்ளுபவள் ஆகிய அனைவரும் கடந்த எழுபது ஆண்டுகளில் நமது சிறுகதைக்குள்ளும் நாவலுக்குள்ளும் உரிமையோடு நுழைந்துள்ளனர். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட எழுத்தாளர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும், அந்த உழைப்பாளி மாலையில் எந்த வீட்டுக்குத் திரும்பினானோ அந்த வீட்டின் குசினியில் நடைபெறும் உழைப்புக்கு நமது இலக்கியம் எவ்வளவு இடம் கொடுத்தது? வெளியே சிந்திய வியர்வையை அளந்து பார்த்த எழுத்தாளன், உள்ளே சிந்திய வியர்வையைக் கண்டானா?

இக்கேள்விக்கு விடை காண எளிய உரைகல் ஒன்று உண்டு. கதைகளில் வரும் விடுமுறை நாளை எடுத்துப் பாருங்கள். வேலை நாளில் ஆணும் உழைக்கிறான், பெண்ணும் உழைக்கிறாள். ஒருவர் உழைப்பின் நிழலில் மற்றவர் உழைப்பு மறைந்துவிடக் கூடும். விடுமுறை நாளில் அந்த நிழல் விலகுகிறது. ஒருவருடைய வேலை நின்றுவிடுகிறது; மற்றவருடைய வேலை இரட்டிக்கிறது. சமுதாயத்தின் ஒரு பெரிய ஏற்றத்தாழ்வு அன்றைய தினத்தில்தான் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. எனவே, விடுமுறை நாளை ஒரு கதாசிரியன் எவ்வாறு எழுதுகிறான் என்பது, உழைப்பு என்னும் சொல்லுக்கு அவன் எவ்வளவு பொருள் கொள்கிறான் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

விடுமுறை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1886இல் சிக்காகோ நகரத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலைக்காகக் குருதி சிந்தினர். இலங்கையில் 1954இல் இயற்றப்பட்ட கடை, அலுவலக ஊழியர் சட்டம், வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையை ஊழியரின் உரிமையாக்கியது. 1966இல் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போயா நாள்களுக்கு மாற்றப்பட்டது. 1971இல் ஞாயிறு மீண்டது. இந்த மாற்றங்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் வாதங்கள் நிகழ்ந்தன. வணிகர் கணக்குப் பார்த்தனர். சமயத்தார் தத்தம் நிலையிலிருந்து பேசினர். ஆனால் நாட்காட்டியில் சிவப்பு எழுத்து எந்தக் கிழமைக்கு இடம் மாறினாலும், அன்று அடுப்பு அணையவில்லை. அலுவலகக் கதவைப் பூட்டிய சட்டத்துக்குக் குசினிக் கதவின் திசை தெரியாது.

சரவணையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எவ்வாறு கழிகிறது என்று பார்ப்போம். தீவகத்தின் பிற ஊர்களிலும் பெரும்பாலும் இவ்வாறுதான். பொழுது புலரும் முன்பே முற்றம் கூட்டும் ஓசை கேட்கும். பின்னர் தண்ணீர். சுண்ணக்கற் பாறையின் மேல் மழைநீர் மெல்லிய படலமாகத் தங்கி நிற்கும் மண் இது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறிவிடும். ஆகையால் குளிக்க ஒரு கிணறு, குடிக்க இன்னொரு கிணறு என்ற பாகுபாடு இங்கே பழைமையானது. கோடையில் தண்ணீர் வண்டி வரும் நேரத்தை நம்பியிருக்கும் வீடுகளும் உண்டு. அந்த நேரத்துக்குக் குடங்களோடு காத்து நிற்பவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் வங்களாவடிச் சந்தைக்கு ஒரு நடை. மீன் வாங்கியவர் ஆணாக இருப்பினும் அதனைச் செதில் நீக்கி வெட்டுபவர் அவரல்லர். ஒரு கிழமைக்குரிய பள்ளிச் சீருடைகள் அன்றுதான் தோய்க்கப்படுகின்றன. பனங்கிழங்குக் காலமாயின் கிழங்கு கிழித்துக் காயவைத்து ஒடியலாக்கும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளைகளைத் தனிவகுப்புக்கு அனுப்புதல், முதியவருக்கு மருந்து கொடுத்தல், கோழிக்கூட்டைத் துப்புரவு செய்தல், மறுநாட் காலைக்கு மா வறுத்து அரித்து வைத்தல் என்று பட்டியல் நீளும். இவற்றிடையே நண்பகற் சாப்பாடு, வேலை நாளிலும் பார்க்க இரண்டு கறி கூடுதலாக இருத்தல் வேண்டும். ஏனெனின் அன்று விடுமுறை.

தீவகத்துக்கென ஒரு தனிச் சரித்திரமும் உண்டு. இவ்வூர்களின் ஆடவர் பலர் தலைமுறை தலைமுறையாகக் கொழும்பிலும் தென்னிலங்கையின் ஏனைய நகரங்களிலும் கடை வைத்தனர், கடைச் சிப்பந்திகளாயினர். வீட்டுக்காரன் ஊருக்கு வருவதே விடுமுறைக்குத்தான். சித்திரைக்கோ, தைப்பொங்கலுக்கோ, கோயிற் கொடியேற்றத்துக்கோ அவன் வருகிறான். ஆண்டு முழுவதும் கிணறு, வேலி, பிள்ளை, மாடு அனைத்தையும் தனியே நிருவகித்த பெண்ணுக்கு அந்த வருகை மகிழ்ச்சியளித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவன் ஓய்வெடுக்க வந்த நாள்களே அவளுடைய மிகக் கடுமையான வேலை நாள்கள் என்பதையும் மறைத்தல் தகாது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் அந்தக் கடைகள் எரிந்தன. எரிந்த கடைகளைப் பற்றி நாம் எழுதினோம், எழுதத்தான் வேண்டும். அக்கடைகள் நிலைபெறும் பொருட்டு ஊரிலே கூலியின்றி ஒரு குடும்பத்தைத் தாங்கிய கைகளைப் பற்றி எழுதியது எவ்வளவு?

இது இலக்கிய விமரிசனம்தானா, குடும்பப் புராணமா என்று கேட்போர் இருக்கலாம். விமரிசனம்தான். ஏனெனின், எதனை எழுதலாம், எதனை எழுதத் தகாது என்ற கட்டளை எழுத்தாளனுடைய மேசையில் பிறப்பதன்று. அது பள்ளிக்கூடத்திலேயே விதைக்கப்படுகிறது. 'நான் கழித்த ஒரு விடுமுறை நாள்' என்பது நமது வகுப்பறைகளில் தவணைதோறும் கொடுக்கப்படும் கட்டுரைத் தலைப்பு. தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் இத்தலைப்பில் வந்த கொப்பிகளை ஆண்டுதோறும் திருத்தி வருகிறேன். ஆண் பிள்ளைகள் கிரிக்கெட்டையும் கடற்குளிப்பையும் எழுதுகிறார்கள். பெண் பிள்ளைகளும், பெரும்பாலும், மாதிரிக் கட்டுரை நூலில் உள்ள சுற்றுலாவையே எழுதுகிறார்கள். விடியற்காலையில் எழுந்து வீடு கூட்டி, தம்பியைக் குளிப்பாட்டி, தாயோடு சேர்ந்து தேங்காய் துருவி, பாத்திரம் கழுவிய பிள்ளை, தான் காணாத ஒரு மலைநாட்டு நீர்வீழ்ச்சியை வருணிக்கிறாள். அவள் பொய் சொல்ல விரும்பவில்லை. தன் வாழ்க்கையில் நிகழ்ந்தது எழுத்துக்குத் தகுதியற்றது என்று அவளுக்கு யாரோ கற்பித்துவிட்டார்கள். அந்த 'யாரோ' யார்? நமது பாடநூல், நமது கதை, நமது விமரிசனம் ஆகிய மூன்றும்தாம்.

மொழியிலேயே இந்த ஏமாற்று குடியிருக்கிறது. 'உங்கள் மனைவி என்ன செய்கிறார்?' என்ற வினாவுக்கு, 'வீட்டிலே சும்மாதான் இருக்கிறா' என்று நாம் விடை கூறுகிறோம். 'சும்மா இருத்தல்' தமிழ்ச் சமய மரபில் மிக உயர்ந்த நிலை. தாயுமானவரும் அருணகிரிநாதரும் அதனைப் பெறற்கரிய பேறாகக் கருதினர். ஞானியர் தவங்கிடந்து தேடிய அந்த நிலையை, நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் நின்று வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு எளிதாக வழங்கிவிடுகிறோம்! இன்னொரு சொல் 'உதவி'. ஆடவன் ஒருவன் ஞாயிறன்று சந்தைக்குப் போய்வந்தால், மனைவிக்கு 'உதவி செய்தான்' என்கிறோம். உதவி என்பது பிறர் கடமைக்குக் கைகொடுப்பது. தான் உண்ணும் சோற்றுக்குத் தான் அரிசி வாங்குவது எவ்வாறு பிறருக்கு உதவியாகும்? சொல்லின் பொருளை ஆராய்வதே தமிழ் படித்தவனின் தொழிலென்றால், அகராதியில் முதலில் ஆராய வேண்டிய சொற்கள் இவை.

பழந்தமிழ்ப் புலவர் இவ்வுழைப்பைக் காணாதவர் அல்லர். குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் கூடலூர் கிழார் ஓர் இளம் மனைவி சமைப்பதைக் காட்டுகிறார். தயிர் பிசைந்த விரல், அந்த விரல் துடைத்த ஆடை, தாளிக்கும்போது கண்ணிற் படர்ந்த புகை என்று உழைப்பின் தடயங்கள் ஒவ்வொன்றும் அங்கே உள. கணவன் சுவைத்துப் பாராட்டுகிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. உரையாசிரியரும் பேராசிரியரும் அந்த மலர்ச்சியையே நயம் பாராட்டிப் பாராட்டி, அதற்கு முன் நிற்கும் புகையைக் கலைத்துவிட்டனர். பாட்டில் இருந்தது உழைப்பு. நாம் கற்பித்தது இன்பம். புகழ்ச்சியே கூலியாகிவிட்ட ஓர் ஏற்பாட்டை அப்பாட்டு எவ்வளவு நுட்பமாகப் பதிவு செய்திருக்கிறது என்று வகுப்பில் எவரும் சொல்லித்தரவில்லை. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலும் உலக்கைப் பாட்டாகிய வள்ளைப்பாட்டு உண்டு. பெண்கள் நெல்லுக் குத்திய தாளம் காப்பியத்துக்குள் புக முடிந்தது. அரிசி ஆலை வந்தபின் பாட்டு நின்றது; வேலையோ வேறு உருவத்தில் தொடர்ந்தது. பாட்டிழந்த அந்த வேலைக்கு உரைநடை இடம் கொடுத்திருக்க வேண்டும்.

கொடுத்த ஓர் இடத்தை இங்கே நன்றியோடு நினைவுகூர வேண்டும். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'செல்லம்மாள்' அது. ஜவுளிக்கடையில் வேலை செய்யும் பிரமநாயகம் பிள்ளை, நோயுற்ற மனைவிக்காகத் தாமே அடுப்பு மூட்டுகிறார், வெந்நீர் வைக்கிறார், பணிவிடை செய்கிறார். ஒரு மனிதனின் காதலை அவன் பேச்சிலன்றி அவன் செய்த சில்லறை வேலைகளிலே காட்டிய கதை தமிழில் அதற்கு ஈடாக அதிகம் இல்லை. அதன் யதார்த்தம் அங்கேதான் இருக்கிறது. எனினும் கதையின் உள்ளே ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அவள் படுக்கையில் விழுந்தால்தான் அவன் அடுப்படிக்கு வரலாம். அவள் எழுந்து நடமாடும் நேரமெல்லாம், தள்ளாடியேனும், தானே சமைக்க முற்படுகிறாள். நோயும் மரணமுமே பெண்ணுக்குக் கிடைக்கும் விடுமுறை என்பதைப் புதுமைப்பித்தன் அறிந்து எழுதினார் என்றே கருதுகிறேன். அவருக்குப் பின் வந்தோர் அந்தச் சோகத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கை விட்டுவிட்டனர்.

ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் செய்த பணி பெரிது. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியதன் பின்னர், சாதியால் நசுக்கப்பட்டோரின் வாழ்க்கை அவர்களுடைய சொந்தக் குரலிலேயே இலக்கியமாயிற்று. டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' 1960இலும், கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இலும் வந்தன. நமது தீவகத்திலேயே புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம், தாழ்த்தப்பட்ட மக்கள் கோயிற் கிணற்றில் நன்னீர் அள்ளும் உரிமைக்காக 1971இல் அறப்போர் நடத்திப் பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானார், 1973இல் மறைந்தார். தண்ணீர் அள்ளுவது ஒரு வீட்டு வேலை. அந்த வேலைக்குள் சாதியின் கொடுமை முழுவதும் அடங்கியிருந்தது என்பதை அப்போராட்டம் நிறுவியது. இதிலிருந்து நாம் மேலும் ஓர் அடி எடுத்து வைத்திருக்கலாம். கிணற்றடியில் தடுத்து நிறுத்தப்பட்ட குடம் பெரும்பாலும் பெண்ணின் இடுப்பில் இருந்த குடம். சாதியால் ஒரு சுமை, வறுமையால் ஒரு சுமை, வீட்டு வேலையின் பெயரால் மூன்றாவது சுமை என்று அவள் சுமந்ததில் முதலிரண்டையும் நமது விமரிசனம் கண்டது. மூன்றாவதை இயற்கை என்று எண்ணி விட்டுவிட்டது.

அம்மூன்றாவது சுமையைப் பேசியவர் பெண்களே. 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. தலைப்பே ஒரு விமரிசனம். 1988இல் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு வந்தது. பெரிய வீடு ஒன்றில் சமையலறை மட்டும் ஏன் ஒடுங்கிய மூலையில் இருக்கிறது என்று ஒரு மருமகள் கேட்கத் தொடங்கினால் குடும்ப அதிகாரம் முழுவதும் ஆட்டம் காண்பதை அத்தலைப்புக் கதை காட்டுகிறது. அதே தொகுப்பில் 'வெளிப்பாடு' என்னும் கதையில், ஒரு பெண் தன் ஆயுளில் வார்த்த தோசைகளுக்குக் கணக்குப் போடப்படுகிறது. தொழிற்சாலையில் எத்தனை கெசம் துணி நெய்யப்பட்டது என்று கணக்கெழுதும் பொருளியல், தோசைக்குக் கணக்கெழுதவில்லை. அந்த வேலையை ஒரு சிறுகதை செய்தது. இலக்கியத்தின் சமூகப் பயன் யாது என்று கேட்போருக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

அண்மைக் காலத்தில் இவ்விடயத்தைப் பரந்த மக்களிடம் கொண்டுசென்றது திரைப்படம். ஜியோ பேபி இயக்கிய 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளத்தில் 2021இல் வந்தது. 2023இல் தமிழில் மறுவாக்கம் செய்யப்பட்டது. நறுக்குதல், அரைத்தல், கழுவுதல், துடைத்தல் ஆகியவற்றைத் திரும்பத் திரும்பக் காட்டி, பார்ப்பவர் சலிப்படையும் வரை அப்படம் நகர்கிறது. அந்தச் சலிப்பே அதன் கலை வெற்றி. இரண்டு மணி நேரம் நம்மாற் பொறுக்க முடியாததை ஒருத்தி ஆயுள் முழுவதும் பொறுக்கிறாள் என்று வேறெவ்வாறு உணர்த்துவது? அப்படத்தின் கணவன் ஓர் ஆசிரியன். குடும்பம் என்னும் நிறுவனத்தைப் பற்றி வகுப்பில் அழகாகப் பாடம் நடத்துகிறான். நம் தொழிலைச் சேர்ந்தோர் அக்காட்சியை இருமுறை பார்ப்பது நன்று.

'இவை நடுத்தர வர்க்கத்துக் குறைகள். வர்க்கப் போராட்டம் முடிந்தால் தாமாகவே தீரும்' என்று தோழர் சிலர் கூறுவர். அவர்களுக்கு லெனினையே சாட்சியாக அழைக்கலாம். 1919இல் அவர் எழுதிய 'மகத்தான தொடக்கம்' என்ற சிறுநூல், மொஸ்கோ ரயில்வே தொழிலாளர் தம் ஓய்வு நேரத்தில் கூலியின்றி உழைத்த சனிக்கிழமைகளைப் போற்றுவதற்கு எழுந்தது. ஆனால் அந்நூலிலேயே அவர், சட்டங்கள் சமமான பின்னரும் பெண் வீட்டு அடிமையாகவே இருக்கிறாள் என்றும், பொதுச் சமையற்கூடமும் குழந்தைக் காப்பகமும் இன்றி விடுதலை வாராது என்றும் வலியுறுத்துகிறார். தொழிலாளியின் சனிக்கிழமையைப் பாடியபோதே, அந்தச் சனிக்கிழமையும் அடுப்படியில் நின்றவளை அவர் மறக்கவில்லை. நாம் மறப்பதற்கு என்ன நியாயம்?

அன்றியும், இப்பிரச்சினையில் வர்க்கம் இல்லையென்று யார் சொன்னது? வசதியுள்ள வீடுகள் இந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளவில்லை, விலைக்கு வாங்கின. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் எத்தனையோ வீடுகளின் ஞாயிற்றுக்கிழமை, மலையகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஏழைச் சிறுமியின் கைகளால் இனிமையாயிற்று. 1954ஆம் ஆண்டுச் சட்டம் கடைச் சிப்பந்திக்கு ஒன்றரை நாள் கொடுத்தது. அச்சிப்பந்தியின் முதலாளி வீட்டில் பாத்திரம் துலக்கியவள் அச்சட்டத்தின் கண்ணுக்குத் தென்படவில்லை. வீட்டுத் தொழிலாளருக்கு வாரத்தில் 24 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழில் நிறுவனம் உடன்படிக்கை செய்ததே 2011இல்தான். விடுமுறை நாளைப் பற்றி நேர்மையாக எழுதப் புகும் கதாசிரியன், வீட்டுத் தலைவியோடு நின்றுவிடாமல், அவளுக்கும் கீழே நிற்கும் இன்னொருத்தியையும் காண வேண்டியவனாகிறான்.

எண்களும் நம் பக்கம் பேசுகின்றன. 2018இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் கணக்கிட்டபடி, உலகின் ஊதியமற்ற பராமரிப்பு வேலையில் நூற்றுக்கு 76 பங்கைப் பெண்களே செய்கின்றனர். இந்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடுவோரிடையே பெண் செலவிட்டது 2019இல் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். 2024இல் அது முறையே 289, 88 என்றாயிற்று. ஐந்தாண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது! 2023 செப்டெம்பர் 15இல் தமிழ்நாட்டரசு குடும்பத் தலைவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கத் தொடங்கியபோது, அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயரிட்டது. தொகை சிறிது, பெயர் பெரிது. கருணை என்னாமல் உரிமை என்றதால், ஓர் உழைப்பு நடைபெறுகிறது என்பதை அரசேனும் ஒப்புக்கொண்டது.

அந்த உழைப்பு நின்றால் என்ன நிகழும்? 1975 ஒக்டோபர் 24ஆம் நாள் ஐஸ்லாந்துப் பெண்கள் அதனைச் செய்து காட்டினர். அந்நாட்டுப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அன்று வீட்டு வேலையையும் வெளி வேலையையும் ஒருங்கே நிறுத்தினர். தந்தையர் பிள்ளைகளைத் தம் அலுவலகங்களுக்கு அழைத்துச் சென்றனர். எளிதிற் சமைக்கக் கூடிய உணவு கடைகளில் தீர்ந்துபோயிற்று. மறு ஆண்டே சமத்துவச் சட்டம் வந்தது. 1980இல் அந்நாடு ஒரு பெண்ணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஒரு நாள் விடுமுறை ஒரு தேசத்துக்குப் பாடம் கற்பித்தது. அவர்கள் அந்தப் போராட்டத்துக்கு இட்ட பெயரே 'பெண்களின் விடுமுறை நாள்' என்பதுதான்.

நமது எழுத்தாளரிடம் நாம் துண்டுப் பிரசுரம் கேட்கவில்லை. தாய்மையைத் தெய்வமாக்கும் கதைகளும் வேண்டியதில்லை. தெய்வத்துக்குப் படையல் போதும், மனிதருக்குத்தான் ஓய்வு வேண்டும். விமரிசகன் ஒவ்வொரு கதையிடமும் சில எளிய கேள்விகளைக் கேட்கட்டும். இந்தக் கதாநாயகன் பருகிய தேநீரை யார் போட்டார்? அவன் சட்டையை எந்த நாளில், எந்தக் கிணற்று நீரில் யார் தோய்த்தார்? கூட்டத்தில் அவன் புரட்சி பேசிக்கொண்டிருந்த அந்த மாலையில், அவன் பிள்ளைக்குச் சோறு ஊட்டியது யார்? கதை இவற்றுக்கெல்லாம் விடை கூற வேண்டுமென்பதில்லை. ஆனால் அவற்றுக்கு விடை உண்டு என்று எழுதியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2022இல் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்றபோது, அடுப்பு அரசியலுக்கு வெளியே இருக்கவில்லை என்பதை அனைவரும் கண்டோம். அடுப்பு மூட்டுபவளை மட்டும் இலக்கியத்துக்கு வெளியே நிறுத்துவது எவ்வாறு நியாயமாகும்?

ஆசிரியர்களாகிய நாம் செய்யக் கூடியதும் ஒன்றுண்டு. அடுத்த தவணையில் அந்தப் பழைய கட்டுரைத் தலைப்பைக் கொடுக்கும்போது, 'நீங்கள் காணாத நீர்வீழ்ச்சி வேண்டாம். அன்று உங்கள் கைகள் செய்ததை எழுதுங்கள்' என்று சொல்வோம். ஆண் பிள்ளைகளும் அவ்வாறே எழுதட்டும்; எழுத ஒன்றுமில்லை என்று கண்டால், அதுவும் அவர்கள் கற்க வேண்டிய பாடம். வீடு கூட்டியதையும் தண்ணீர் அள்ளியதையும் ஒரு சிறுமி வெட்கமின்றி எழுதி, அதற்கு நல்ல புள்ளியும் பெறுகின்ற நாளில், நமது யதார்த்த இலக்கியத்துக்கு ஒரு புதிய எழுத்தாளர் கிடைப்பார்.